தில்: இந்தியில ஒரு வேலை, மராத்தியில இன்னொரு வேலை

மும்பை லோக்கல் ஸ்டேஷன்ல ட்ரெயின் லேட்டுன்னா மராத்தியிலயும் அறிவிப்பு வரும், இந்தியிலயும் வரும். விஷயம் ஒண்ணுதான், பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம்னு. மராத்தியில அது 'ஆம்ஹி தில்கீர் ஆஹோத்'னு முடியுது, இந்தியில 'ஹமே கேத் ஹை'னு முடியுது. கேத் சமஸ்கிருதம். தில்கீர் பாரசீகம். தில்னா இதயம், கீர்ங்கிறது பிடிக்கிறதைக் குறிக்கிற பகுதி, ரெண்டும் சேர்ந்தா துக்கம் பிடிச்ச நெஞ்சுன்னு வெச்சுக்கலாம். பாரசீகச் சொல்லுன்னாலே அது இந்தி உருது பக்கம்தான் இருக்கும், மராத்தி சமஸ்கிருதத்தோட ஒட்டின மொழின்னு நம்ம ஊர்ல நிறைய பேர் நினைச்சிட்டு இருக்கோம், ஆனா இந்த அறிவிப்புல இந்திதான் சமஸ்கிருதம் பேசுது, மராத்திதான் பாரசீகம் பேசுது.

தில் இந்த ரெண்டு மொழிக்கும் வந்து பல நூறு வருஷம் ஆச்சு. வந்த இடத்துல ரெண்டுலயும் ஒரே வேலையைப் பார்க்கல. இந்தியில அது நேரா உடம்புக்குள்ள போயி நெஞ்சுக்கூட்டுல துடிக்கிற அந்த உறுப்பாவே ஆயிடுச்சு. மராத்தியில உறுப்போட பேரு வேற, தில் அங்க மனுஷங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பழகுறாங்கங்கிறதைச் சொல்ற வார்த்தைகளுக்குள்ள மட்டும் குடியேறிடுச்சு. ஏன் இப்படி ஆச்சுங்கிறதைப் பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை, ஏன்னா கடன் வாங்கின சொல்லுன்னா ஏதோ நம்மகிட்ட இல்லாததை வாங்கினதுன்னு ஒரு எண்ணம் பரவலா இருக்கு, தில் விஷயத்துல அது துளியும் பொருந்தல.

முதல்ல இந்தச் சொல்லோட பிறப்பு. பாரசீகத்துல தில், சமஸ்கிருதத்துல ஹ்ருதயம், கிரேக்கத்துல கார்டியா, லத்தீன்ல கோர், இங்கிலீஷ்ல ஹார்ட், எல்லாமே ஒரே பழைய வேர்ல இருந்து கிளம்பினது. கேக்கறதுக்கு தில்லுக்கும் ஹ்ருதயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா நடுவுல பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவைக் கொண்டுவந்து வெச்சா புரிஞ்சிடும். அதுல இதயத்துக்கு ஸெரெத் மாதிரி ஒரு சொல். ஈரான்லயே தென்மேற்குப் பக்கத்துப் பேச்சுல அந்த முதல் ஸ ஒலி த ஆச்சு, அப்புறம் ர-வும் த-வும் சேர்ந்து வந்த இடமெல்லாம் காலப்போக்குல ல ஆச்சு, கிடைச்சது தில். இந்த மாற்றம் ஒரு சொல்லுல மட்டும் நடந்தது இல்ல. பூவைக் குறிக்கிற குல் பழைய காலத்துல வ்ருத மாதிரி இருந்த சொல்லு, நம்ம குலாப் ஜாமுன்ல இருக்கிற குல் அதுதான். வருஷத்தைக் குறிக்கிற சால் சமஸ்கிருத சரத் ருதுவோட சொந்தம், அங்கயும் அதே ரகர தகரம் லகரமா மாறியிருக்கு. நாம சொல்ற இதயமும் ஹ்ருதயத்துல இருந்து வந்ததுதானே, அப்படிப் பார்த்தா தில்லும் இதயமும் தூரத்து பங்காளிங்க.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இன்னிக்கு டெஹ்ரான்ல இதை தெல்-னு எகரத்தோட சொல்றாங்க, இந்தியாவுலதான் பழைய இகரம் அப்படியே நிக்குது, பல நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்த உச்சரிப்பை இந்தியும் மராத்தியும் காப்பாத்தி வெச்சிருக்கு. அது மட்டும் இல்லாம ஈரான் பேச்சுவழக்குல தெல்-னா வயிறும்தான். ஒருத்தர் 'தெலம் தர்த் மீகொனே'ன்னு சொன்னா அவருக்கு வயித்து வலி, காதல் வேதனை இல்ல. உறுப்பைக் குறிப்பா சொல்லணும்னா அங்க அரபுச் சொல்லான கல்ப் வந்திடும். ஒருத்தரைப் பிரிஞ்சு ஏங்குறதை 'உனக்காக என் தெல் குறுகிப் போச்சு'ங்கிற மாதிரி சொல்வாங்க, தெல்-தங்க்னா ஏக்கம். அதே ரெண்டு துண்டையும் இடம் மாத்தி இந்தியில தங்தில்னு சொன்னா குறுகின மனசுக்காரன், கஞ்சன். பிறந்த ஊர்ல ஒரு பக்கமும் வந்த ஊர்ல ஒரு பக்கமும் நடந்திருக்கு இந்தச் சொல்லு.

சரி, இந்தியில இதயத்துக்குச் சொல்லே இல்லாமயா தில் வந்துச்சு? ஹ்ருதயம் பிராகிருதம் வழியா தேய்ஞ்சு ஹியாவா இருந்துச்சு, இந்தியோட பழைய வட்டார வடிவங்களான அவதி, பிரஜ் கவிதைகள்ல எல்லாம் ஹிய ஹியான்னு நிறைய வரும். மனசைச் சொல்ற மன் இருந்துச்சு, ஜீ இருந்துச்சு, கலேஜா இருந்துச்சு. கலேஜா உண்மையில ஈரலைக் குறிக்கிற சொல்லு, கறிக்கடையில கலேஜின்னு கேட்டா ஈரல்தான் கிடைக்கும், ஆனா துக்கம் பயம் தைரியம் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்வாங்க, நாம ஈரக்குலை நடுங்குதுன்னு சொல்ற மாதிரியே. இதுக்கு மேல பாரசீகத்துல இருந்தே ஜிகர்னு இன்னொரு ஈரலும் வந்து சேர்ந்துச்சு, அது சமஸ்கிருத யக்ருத்தோட சொந்தம். இவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல தில் வந்து முதல் இடத்தைப் பிடிச்சது சொல் பஞ்சத்தால இல்ல.

பிடிச்சதுக்குக் காரணம் அது வந்த வழி. டெல்லி சுல்தான்கள் காலத்துல இருந்து பாரசீகம் அரசவை மொழி, கணக்கு மொழி, படிப்பு மொழி, அதோட சூஃபிகள் பாட்டு மொழி. சூஃபி சிந்தனையில தில் ரத்தம் பாய்ச்சுற வெறும் உறுப்பு கிடையாது, கடவுளை உணர்ற கருவி அதுதான், கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அதைத் துடைக்கணும்னு திரும்பத் திரும்பச் சொல்வாங்க. தர்காவுல உட்கார்ந்து கவ்வாலி கேட்ட சாதாரண ஜனங்களுக்கு இலக்கணமும் தெரியாது பாரசீகமும் தெரியாது, ஆனா தில்னா என்னன்னு தெரிஞ்சிடுச்சு. ஒரே அசை, சொல்றதுக்கு லேசு, இந்தியில இல்லாத ஒலி ஒண்ணும் அதுல கிடையாது. காகஸ், ஃபௌஜ்னு வந்த மத்த சொற்கள்ல ஸ-வும் ஃப-வும் நாக்குல திணறும், கிராமத்துல காகஜ், பௌஜ்னு மாத்திக்கிட்டாங்க, தில்லுக்கு அந்தப் பிரச்சனையே வரல.

அதுக்கப்புறம் இந்தி வினைச்சொற்கள் அதோட ஒட்ட ஆரம்பிச்சது, சொந்தச் சொல்லு மாதிரி ஆனது இங்கதான்னு நான் நினைக்கிறேன். தில் லக்னான்னா ஒண்ணுல மனசு ஒட்டிக்கிறது, தில் பைட்னான்னா பயத்துலயோ ஏமாத்தத்துலயோ மனசு அப்படியே உட்கார்ந்துடுறது, தில் பர் ஆனான்னா நெஞ்சு நிறைஞ்சு கண்ணு கலங்குறது, தில் சே உதர்னான்னா ஒரு ஆள் மனசுல இருந்து இறங்கிப் போயிடுறது. 'சாய் பீனே கா தில் கர் ரஹா ஹை'ன்னு ஒருத்தர் சொன்னா டீ குடிக்கணும் போல இருக்குங்கிறதுதான், அதுல காதலும் இல்ல கவிதையும் இல்ல, அவ்வளவு அன்றாடம். தில்லகின்னு ஒரு சொல் இருக்கு, பாரசீக தில்லும் இந்தி லக்னாவும் கலந்து இங்கயே பொறந்தது, கேலி விளையாட்டுன்னு அர்த்தம். பாரசீகத்துல இருந்து ரெடிமேடா வந்ததும் ஏராளம். கோழையை புஸ்தில்னு சொல்றாங்களே, அதுல புஸ்னா ஆடு, ஆட்டு இதயம் உள்ளவன். தரியாதில் வாரி வழங்குறவன், தரியான்னா பாரசீகத்துல கடல், இந்தியில ஆறு. சங்தில் கல்நெஞ்சன். தில்சஸ்பின்னா ஆர்வம், மனசுல பசை மாதிரி ஒட்டிக்கிறது. தில்ருபான்னு ஒரு நரம்பு வாத்தியம், சீக்கியர்களோட கீர்த்தனத்துல வில்லு போட்டு வாசிப்பாங்க, அந்தப் பேருக்கு மனசைத் திருடுறதுன்னு அர்த்தம். டெல்லியைப் பத்தி 'தில்லி தில்வாலோன் கீ', அதாவது டெல்லி மனசுள்ளவங்களோடதுன்னு ஒரு பேச்சு உண்டு, அது ஒலி ஒத்துப்போறதால வந்த அழகு மட்டும்தான், ஊர்ப் பேருக்கும் இந்த தில்லுக்கும் உறவு இல்ல.

ஹார்ட் அட்டாக்கை இந்தியில தில் கா தௌரான்னு சொல்றாங்க. அரசமைப்புச் சட்டத்தோட 351-வது பிரிவு இந்தி தேவைப்படுற சொற்களை முதன்மையா சமஸ்கிருதத்துல இருந்து எடுத்துக்கணும்னு சொல்லுது, 1961-ல அறிவியல் தொழில்நுட்பச் சொற்களுக்குன்னு மத்திய அரசு ஒரு ஆணையமே அமைச்சது. அதனால ஆஸ்பத்திரி போர்டுல ஹ்ருதய ரோக விசேஷக்ஞ்னு எழுதியிருக்கும், உள்ள வர்ற நோயாளியோ தில் கா டாக்டர் எங்கன்னு கேப்பாரு. அவருக்கு நெஞ்சுல வலிக்கிறதும் தில், மகன் பேச்சுல நொந்து போறதும் தில், ரெண்டுக்கும் நடுவுல கோடு கிடையாது.

மராத்தி கதை வேற. 1327-ல முகமது பின் துக்ளக் தலைநகரத்தை டெல்லியில இருந்து தௌலதாபாத்துக்கு மாத்தினப்ப டெல்லி ஜனங்களும் அவங்க பேச்சும் சூஃபிகளும் நேரா தௌலதாபாத் இருக்கிற மராத்வாடா பகுதிக்கு வந்து இறங்கினாங்க. டெல்லி சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவோட சீடர் புர்ஹானுதீன் கரீப் அங்கதான் குல்தாபாத்துல அடங்கியிருக்கார். 1347-ல பாமினி சுல்தான்கள், அப்புறம் அகமதுநகர், பிஜாப்பூர்னு நீண்ட காலம் பாரசீகம் மராத்தி நாட்டோட ஆபீஸ் மொழியா இருந்துச்சு. கிராமத்துக் கணக்குப்பிள்ளை மராத்தியில எழுதினாலும் வரி, வழக்கு, படை, தேதி எல்லாம் பாரசீகச் சொல்லா இருக்கும். 16-ம் நூற்றாண்டுல மராத்தி பக்திக் கவிஞர் ஏக்நாத் மகராஜ் பக்தியைச் சொல்றதுக்கே அரசாங்க மனு வடிவத்தை எடுத்துக்கிட்டு அர்ஜ்தஸ்த்னு பாடினார்னா அந்த மொழி ஜனங்களுக்கு எவ்வளவு பழகியிருக்கும்னு பார்த்துக்கங்க. ஔரங்காபாத்துல, அதாவது இப்போதைய சத்ரபதி சம்பாஜிநகர்ல, தக்கணி உருது, அதாவது தக்காணத்து உருது செழிச்சுது, வலி தக்கணிங்கிற கவிஞரோட கவிதைத் தொகுப்பு அங்க இருந்து 1720 வாக்குல டெல்லிக்குப் போனப்புறம்தான் டெல்லிக் கவிஞர்களே பாரசீகத்தை விட்டு உருதுல எழுத வேகம் எடுத்தாங்க.

ஆக மராத்திக்கு தில் வந்தது பெரும்பாலும் ஆபீஸ் வழியாவும் அக்கம்பக்கத்து தக்கணிப் பேச்சு வழியாவும்தான். அங்க உறுப்புக்கான இடம் காலியா இல்ல, காளீஜ்ங்கிற சொல்லு அதைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. இது இந்தி கலேஜாவோட உடன்பிறப்பு, மராத்தியில இதயம்னே அர்த்தம் ஆயிடுச்சு. நெஞ்சு ஒரு துடிப்பு தவறிப் போச்சுன்னா காளஜாச்சா டோகா சுக்லான்னு சொல்வாங்க. விடைபெறும்போது மராத்திக்காரங்க தவறாம சொல்ற காள்ஜீ க்யா, உடம்பைப் பார்த்துக்கங்க, அந்தக் காள்ஜீயும் இந்தக் காளீஜோட சொந்தம்தான். பழைய ஹ்ருதயம் தேய்ஞ்சு வந்தது ஹிய்யான்னு துணிச்சலுக்கான சொல்லா நின்னுடுச்சு. டாக்டர்கிட்ட ஹ்ருதயம், பேச்சுல காளீஜ், மத்தபடி மன், அந்தஃகரண். தனியா தில்னு மராத்தியில சொன்னா கொஞ்சம் பாட்டு வாடையோ இந்தி வாடையோ அடிக்கும், ஆனா கூட்டுச்சொல்லுக்குள்ள போயிடுச்சுன்னா அதை யாராலயும் அசைக்க முடியாது.

திலாசாவை எடுத்துக்கங்க. பாரசீகத்துல மனசுக்கு இதம் தர்றது. இந்தியில திலாசான்னா வாயால சொல்ற ஆறுதல், சிலசமயம் வெறும் வாய்வார்த்தைங்கிற தொனியும் வந்துடும். மராத்தி பேப்பரைத் திறந்தா ஷேத்கரியான்னா திலாசான்னு தலைப்பு இருக்கும், விவசாயிகளுக்கு நிவாரணம், அதாவது பணமோ தள்ளுபடியோ. கோர்ட்டு இடைக்காலத் தடை கொடுத்தா திலாசா, பெட்ரோல் விலை குறைஞ்சா திலாசா, கோடையில மழை பெஞ்சா திலாசா. இதே இடத்துல இந்தி பேப்பர் ராஹத்னு போடும். மராத்தியில இந்தச் சொல்லு கையில வாங்கி எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளா மாறியிருக்கு.

தில்ஜமாயி இதைவிட சுவாரஸ்யம். பாரசீகத்துலயும் உருதுலயும் தில்ஜமயின்னா மனசு சிதறாம ஒருமுகமா இருக்கிறது, மன நிம்மதி. அது ஒரே ஆளோட மனசுக்குள்ள நடக்கிற விஷயம். மராத்தியில அது ரெண்டு பேருக்கு நடுவுல நடக்குது. சண்டை போட்டுப் பிரிஞ்ச ரெண்டு தலைவர்கள் திரும்பக் கைகோத்தா மறுநாள் தலைப்புல தில்ஜமாயி, அண்ணன் தம்பி சொத்துத் தகராறு தீர்ந்தா தில்ஜமாயி. சிதறின எண்ணங்கள் ஒண்ணு சேர்றதுக்குப் பதிலா இங்க பிரிஞ்ச மனுஷங்க ஒண்ணு சேர்றாங்க. தில்குலாஸ்னா ஒளிவுமறைவு இல்லாம மனசு விட்டுப் பேசுறது சிரிக்கிறது, தில்தார்னா தாராளமா செலவு பண்ற, கொடுக்கத் தயங்காத ஆள், உருதுல தில்தார்னா முதல்ல காதலி ஞாபகம்தான் வரும். மேல சொன்ன தில்கீர்ல இருந்து வர்ற தில்கிரிக்கு மராத்தி அரசியல்ல ஒரு நுணுக்கமான இடம் இருக்கு. மாஃபின்னா மன்னிப்பு, தப்பை ஒத்துக்கணும். தில்கிரி வ்யக்த் கர்ணேன்னா வருத்தம் தெரிவிக்கிறது, தப்பு யாருதுங்கிற கேள்விக்குள்ள போக வேண்டாம். சட்டசபையில ஒரு உறுப்பினர் பேசக்கூடாததைப் பேசிட்டா எதிர்த்தரப்பு மாஃபி கேக்கும், அவர் தில்கிரியோட நிறுத்திக்கப் பார்ப்பார், அந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவுலயே ஒரு நாள் கூச்சல் ஓடிடும்.

இதெல்லாம் எந்த மொழியில நிலைச்சு நிக்குதுன்னு பாருங்க. பாரசீகச் சொற்களை நீக்கணும்னு இந்தியாவுலயே முதல் முதலா ஒரு அரசு முறையா இறங்கினது மராத்தி நாட்டுலதான்னு துணிஞ்சு சொல்லலாம். 1674-ல முடிசூட்டிக்கிட்ட சிவாஜி மகராஜ், ரகுநாத் பந்த் ஹணமந்தே மேற்பார்வையில ராஜ்யவியவஹார கோசம்னு ஒரு அகராதி செய்ய வெச்சார், கோட்டை, ஆயுதம், எழுத்துவேலை, வணிகம்னு பகுதி பிரிச்சு ஆயிரத்துக்கு மேற்பட்ட பாரசீக தக்கணிச் சொற்களுக்கு சமஸ்கிருதச் சொல் கொடுத்த அகராதி. தலைமை அமைச்சரான பேஷ்வா முக்கிய பிரதான் ஆனார், படைத்தலைவரான சர்னோபத் சேனாபதி ஆனார். ஆனா அவர் காலத்துக்கு அப்புறம் பேஷ்வாங்கிற பாரசீகச் சொல்லே திரும்ப வந்து 1818 வரைக்கும் நாட்டையே ஆண்டுச்சு. 20-ம் நூற்றாண்டுல சாவர்க்கர் பாஷாசுத்தி இயக்கம்னு மறுபடி இறங்கினார், மேயருக்கு மஹாபௌர், சினிமாவுக்கு சித்ரபட்னு அவர் கொடுத்த சொற்கள் நிலைச்சும் போச்சு. பாரசீகப் பேராசிரியரா இருந்து 1925-ல பாரசீக மராத்தி அகராதி தொகுத்தவர், மராத்திக்கு கஜலைக் கொண்டுவந்தவர், மாதவ் ஜூலியன்ங்கிற பேர்ல எழுதின மாதவ் பட்வர்தன், அவரே பின்னாடி மொழித் தூய்மை பக்கம் நின்னு எழுதினார். இத்தனைக்கும் அப்புறம் மராத்தியில தேர்தல் அறிக்கை ஜாஹீர்நாமா, மனு அர்ஜ். இந்தி அரசாங்கப் பேச்சுல கோஷணாபத்ர, ஆவேதன்.

ஏன்னு யோசிச்சா எனக்குத் தோணுறது இது. தூய்மை இயக்கம் பட்டியல் போட்டுத்தான் வேலை செய்யும், பதவிப் பேரு, பொருள் பேருன்னா ஒண்ணை எடுத்து ஒண்ணை வெச்சிடலாம். தில்ஜமாயிக்கு சமேட்னு இன்னொரு சொல்லு இருக்கத்தான் செய்யுது, ஆனா அதுல ஒப்பந்தம்தான் இருக்கு, பகை தீர்ந்த ரெண்டு பேரோட மூஞ்சி அதுல தெரியாது. அதோட இந்தியில தூய்மைங்கிறது உருதுவுக்கு எதிரான போட்டியோட சேர்ந்துடுச்சு, ஒவ்வொரு பாரசீகச் சொல்லும் எந்தக் கட்சின்னு பார்க்கப்பட்டுச்சு. மராத்திக்குப் பக்கத்துல அப்படி ஒரு இரட்டை மொழி நிக்கல, எழுதினது மோடிங்கிற பழைய மராத்தி எழுத்துலயும் தேவநாகரியிலயும்தான், உள்ள வந்த சொல்லுக்கு மராத்தி வேற்றுமை உருபு ஒட்டி திலானே, திலாச்சான்னு வீட்டுப் பிள்ளையா வளர்த்துட்டாங்க. அதை வெளியாள்னு அடையாளம் காட்டுறதே கஷ்டம். தில்கீர் ஆஹோத்னு சொல்ற மராத்திக்காரருக்கு அது பாரசீகம்னு சொன்னா பெரும்பாலும் ஆச்சரியப்படுவார்.

தமிழுக்கும் இதுல பங்கு உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருவல்லிக்கேணின்னு தக்கணி உருது பேசுற ஊர்கள் நமக்கு நடுவுலயே இருக்கு, தில் இருந்தா வாடான்னு சென்னையில சொல்றப்ப வர்ற தில் அந்த தில்தான். ஆனா நாம அதுல இருந்து இதயத்தை எடுத்துக்கல, காதலையும் எடுத்துக்கல, தைரியத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம். அதுக்கும் பாரசீகத்துலயே அடி இருக்கு, வீரனை திலாவர்னு சொல்றது அங்க பழைய வழக்கு, தமிழ் முஸ்லிம் குடும்பங்கள்ல அது ஆம்பளைப் பேரா இருக்கு, மனமகிழ்ச்சின்னு அர்த்தம் வர்ற தில்ஷாத் பொம்பளைப் பேரா இருக்கு. மராத்தி பண்ணின மாதிரியே நாமளும் ஒரு பாரசீகக் கூட்டுச்சொல்லை வேற வேலைக்கு வெச்சிருக்கோம், ராஜினாமா. இந்தியில ராஸீநாமான்னா சமரச ஒப்பந்தம், கோர்ட்டுல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடுறது. பதவி விலகலுக்கு அங்க இஸ்தீஃபா. மராத்தியில ராஜீநாமான்னா பதவி விலகல், கன்னடத்துல ராஜீனாமே, தமிழ்ல ராஜினாமா, மூணும் ஒரே அர்த்தம். தக்காணத்துல இந்தச் சொற்கள் டெல்லியைக் கேக்காம தனியா ஒரு வழியில நடந்ததுக்கு நம்ம கையிலயே இருக்கிற சாட்சி இது, நம்ம ஊர் அமைச்சர் ராஜினாமா பண்ற செய்தியை லக்னோக்காரர் ஒருத்தர் கேட்டா ஏதோ சமாதானம் ஆயிட்டாங்க போலன்னுதான் நினைப்பார்.